3,500 கிலோமீட்டர், இரண்டு ஜட்டி

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில், மலைத்தொடரின் முதுகு மேலேயே ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. தெற்கே ஜார்ஜியாவில் ஸ்ப்ரிங்கர் என்கிற மலையில் ஆரம்பம். வடக்கே மெய்ன் மாநிலத்தில் கட்டாடின் என்கிற மலையுச்சியில் முடிவு. நடுவே 14 மாநிலங்கள். மொத்தம் சுமார் 3,500 கிலோமீட்டர். பெயர், அப்பலாச்சியன் டிரெயில். வழியில் வருகிற மேடுகளையெல்லாம் கூட்டினால் எவரெஸ்ட்டில் 16 தடவை ஏறி இறங்கின கணக்கு வருகிறது என்கிறார்கள்.

வருஷா வருஷம் மூவாயிரம் பேருக்கு மேல் இதை ஒரே மூச்சில் நடந்து தீர்ப்பது என்று மூட்டை கட்டுகிறார்கள். ஐந்திலிருந்து ஏழு மாசம் ஆகும். முடிவில் சாமி கிடையாது, பிரசாதம் கிடையாது, கோப்பை கிடையாது. உச்சியில் ஒரு மரப்பலகை நிற்கிறது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு போட்டோ. அவ்வளவுதான், இறங்கிவிட வேண்டியதுதான்.

கிளம்புகிறவர்களில் சுமாராக நாலில் ஒருத்தர்தான் அந்தப் பலகையைப் பார்க்கிறார். மீதி மூன்று பேர் என்ன ஆகிறார்கள்? கால் பிசகினவர்கள் கொஞ்சம். காசு தீர்ந்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள்? எனக்கு அந்த மற்றவர்கள் மேல்தான் அக்கறை. ஜெயித்தவனை யார் வேண்டுமானாலும் பேட்டி எடுக்கலாம்.

2023 ஜூன் முதல் வாரம். வாஷிங்டன் பக்கத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கும் அக்கா பையன் வீட்டில் தங்கியிருந்தேன். அங்கிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் ஷெனாண்டோவா தேசியப் பூங்கா. மேற்படி பாதை அந்தப் பூங்காவுக்குள் 160 கிலோமீட்டர் போகிறது. மார்ச்சில் ஜார்ஜியாவில் கிளம்பினவர்கள் ஜூன் வாக்கில் அங்கே வந்து சேருவார்கள்.

"ஒரே ஒரு நாள் அவங்களோட நடந்து பார்க்கணும்டா."

"மாமா, பேஸ்மென்ட்ல ட்ரெட்மில் இருக்கு. அதுல நடங்களேன்."

"ராத்திரி காட்டுல தங்கணும்."

"கரடி இருக்கு மாமா."

"ட்ரெட்மில்ல இல்லையே!"

பர்மிட் வாங்கி, ஒரு சாயங்காலம் மலைமேல் ரோட்டோரத்தில் என்னை இறக்கிவிட்டு, மறுநாள் மாலை நாலு மணிக்கு பிக் மெடோஸ் என்கிற இடத்தில் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் நடக்க வேண்டியது சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். அவர்கள் பிரேக்ஃபாஸ்ட்டுக்கும் லஞ்ச்சுக்கும் நடுவில் நடக்கிற தூரம்.

ராத்திரி தங்கினது மூன்றே மூன்று சுவர் உள்ள ஒரு குடிசையில். நாலாவது பக்கம் திறந்து கிடக்கும். கதவு கிடையாது. இந்த மாதிரி 250-க்கு மேல் பாதை நெடுக இருக்கின்றன. பெரும்பாலும் முதலில் வந்தவருக்கு முதலிடம், வாடகை இல்லை. பலகைத் தரையில் வரிசையாக ஏழு பேர் மத்தி மீன் மாதிரி படுத்திருந்தார்கள். எட்டாவதாக நான். கரடியை விடுங்கள், அது கூச்ச சுபாவம். உண்மையான வில்லன் எலி. விளக்கணைந்து பத்தாவது நிமிஷம் உத்தரத்தில் ஓட ஆரம்பித்த எலிகள் விடியும்வரை ஓய்வதில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் பையின் எல்லா ஜிப்பையும் திறந்தே வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். மூடி வைத்தால் பையைக் கடித்து உள்ளே போகுமாம். திறந்து வைத்தால் மரியாதையாக வந்து பார்த்துவிட்டுப் போய்விடுமாம்.

விளக்கணைப்பது எத்தனை மணிக்குத் தெரியுமோ? ஒன்பதுக்கு. ராத்திரி ஒன்பதை இங்கே 'நடப்பவர்களின் நள்ளிரவு' என்கிறார்கள். அதற்கு மேல் பேசுகிறவன் சமூக விரோதி.

காலை ஐந்தரைக்கு எழுப்பிவிட்டது பறவை இல்லை. எட்டுப் பேரின் காற்றுப் படுக்கையிலிருந்து வரிசையாகக் காற்று இறங்குகிற சத்தம். நம்மாள் என் பக்கத்தில்தான் படுத்திருந்தான். அவனை 'நம்மாள்' என்றே அழைக்கிறேன். இந்தப் பாதையில் யாரும் சொந்தப் பெயரில் நடப்பதில்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர். அதைத் தானே வைத்துக்கொள்வது அழகில்லை, மற்றவர்கள்தான் வைக்க வேண்டும். நம்மாளின் பட்டப்பெயர் முதல் வாரத்தில் ஒரு சின்ன மண்வெட்டி சம்பந்தப்பட்ட விபத்தில் கிடைத்தது. அதை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். எனக்கு அன்றைக்கே 'நோட்புக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கௌரவமாகவே தப்பித்தேன்.

மண்வெட்டி என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுவோம். எல்லோரும் கேட்க நினைத்து, நாகரிகம் கருதி விட்டுவிடுகிற கேள்வி அது. குடிசைப் பக்கத்தில் ஒரு கக்கூஸ் இருக்கும். மற்ற இடங்களில் தண்ணீருக்கும் பாதைக்கும் கூடாரத்துக்கும் 200 அடி தள்ளிப் போய், ஆறிலிருந்து எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, காரியம் முடித்து, மூடிவிட்டு வர வேண்டும். சட்டம் மாதிரியே இதைச் சொல்கிறார்கள். தோண்டுகிற மண்வெட்டியின் எடை பதினைந்து இருபது கிராம். எடை எப்படித் தெரியும் என்றால், இவர்களுக்கு எல்லாப் பொருளின் எடையும் கிராம் சுத்தமாகத் தெரியும். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக ஒடித்து வைத்திருக்கிறான் நம்மாள். டீ ஷர்ட்டின் லேபிளைக் கத்தரித்திருக்கிறான். கூடாரம், படுக்கை, அடுப்பு, ஐந்து நாள் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து முதுகில் பதிமூன்று கிலோ. இதில் உடுப்பு என்பது போட்டிருப்பது ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. ஜட்டி இரண்டு.

"இரண்டு எதுக்கு?" என்றேன்.

"ஆடம்பரம்தான் ஸார்" என்றான்.

கரடிக்காகக் குடிசைக்கு வெளியே ஓர் உயரமான இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். உச்சியில் நாலு பக்கமும் கொக்கிகள். கூடவே கனமான நீளக் கழி ஒன்று. சாப்பாட்டுப் பையைக் கழி முனையில் மாட்டி, ஆடி ஆடித் தூக்கி, கொக்கியில் மாட்ட வேண்டும். ராத்திரி மாட்டியதைக் காலையில் அதே மாதிரி இறக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில், மழையில், தலைக்கு மேல் கழியை ஆட்டிக்கொண்டு ஏழு பேர் ஒருவர்பின் ஒருவராகச் செய்வதைப் பார்க்கக் கரடிக்கு நிச்சயம் பிடிக்கும்.

மழை என்றேன் அல்லவா? நம்மாளுக்கு அது தொடர்ந்து ஐந்தாவது மழைநாள்.

ஆறேகாலுக்கு நடக்க ஆரம்பித்தோம். காலை உணவு நடந்துகொண்டே. ஒரு மைதாச் சப்பாத்தியில் வேர்க்கடலை வெண்ணெயை அரை அங்குலம் பூசி, மேலே ஒரு சாக்லேட் பாரை வைத்துச் சுருட்டி, ஐந்தே வாயில் முடித்தான். ஒரு நாளைக்கு நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் கலோரி எரிகிறதாம். சுமக்க முடிகிற சாப்பாட்டில் அது ஈடாவதே இல்லை. ஆகவே எந்நேரமும் பசி. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை பாதை ஏதாவது ரோட்டைக் கடக்கும்போது ஊருக்குள் இறங்கி, குளித்து, துணி துவைத்து, ஓட்டல்காரர் பயப்படும்படி சாப்பிட்டுவிட்டு, மறுபடி மலை ஏறுகிறார்கள். நடக்கிற பேச்சில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றியே. தத்துவம், இயற்கை எல்லாம் முதல் இரண்டு வாரத்தோடு சரி.

வழி தவறாமல் இருக்க மரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருக்கிறார்கள். இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரம், வெறும் பெயின்ட். ஜார்ஜியாவிலிருந்து மெய்ன்வரை ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி என்று அர்த்தம். இவ்வளவையும் அடித்துப் பராமரிப்பது சர்க்கார் சிப்பந்திகள் இல்லை. பெரும்பாலும் ஊர் ஊருக்கு இருக்கும் நடைச் சங்கங்களின் தொண்டர்கள். சனி ஞாயிறுகளில் ரம்பமும் பெயின்ட் டப்பாவுமாக வருகிறார்கள்.

இந்தப் பட்டைகளைப் பற்றி இவர்களுக்குள் மதச்சண்டை மாதிரி ஒன்று உண்டு. 'எல்லா வெள்ளைப் பட்டையையும் தாண்டியே ஆக வேண்டும், ஒன்றுகூட விடக்கூடாது' என்பது ஆசாரக் கட்சி. 'போரடிக்கிற இடத்தில் லிஃப்ட் கேட்டுக் காரில் போனால் என்ன' என்பது சீர்திருத்தக் கட்சி. மெய்னில் கென்னபெக் என்று ஓர் ஆறு குறுக்கிடுகிறது. மேலே அணை திறந்தால் தடாலென்று தண்ணீர் ஏறும். 1985-ல் ஒருவர் மூழ்கி இறந்த பிறகு, அங்கே சிறு படகு வைத்து அக்கரை சேர்க்கிறார்கள். படகில் போனால் நடந்த கணக்கில் வருமா? ஆசாரக் கட்சி இதற்கும் வழி வைத்திருக்கிறது. படகின் உள்தரையில் ஒரு வெள்ளைப் பட்டை அடித்துவிட்டார்கள்!

நம்மாள் தீவிர ஆசாரம். குடிசைக்குப் போகிற கிளை வழியிலிருந்து திரும்பும்போதுகூட, நேற்று எந்த இடத்தில் விலகினானோ அதே இடத்துக்குப் போய், அங்கேயிருந்துதான் ஆரம்பித்தான்.

வயசு 29. ஊர் ஒஹையோ. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஆறு வருஷம் க்ளெய்ம் பார்க்கிற வேலை. நானாகக் கேட்கவில்லை, மூன்றாவது மைலில் அவனாகவே சொன்னான்.

"எங்க செக்ஷன்ல ஒருத்தர் இருந்தார் ஸார். 41 வயசு. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மாரடைப்பு. புதன்கிழமை காலையில மேனேஜர் எல்லாரையும் நிக்க வெச்சு ஒரு நிமிஷம் மௌனம். மத்தியானம் அவரோட நாற்காலியை எனக்குக் கொடுத்தாங்க. என்னோடது ஒரு பக்கம் சாயும். ரெண்டு வருஷமா வேற கேட்டுக்கிட்டிருந்தேன்."

"சங்கடமா இருந்துதா?"

"அதான் ஸார் இல்லை. ரொம்ப சௌகரியமா இருந்தது."

கொஞ்ச தூரம் சேறு மிதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நாற்காலியில் எட்டு மாசம் உட்கார்ந்திருக்கிறான். பிறகு ராஜினாமா கொடுத்துவிட்டு, சேமிப்பிலிருந்து ஏழாயிரம் டாலர் எடுத்துக்கொண்டு ஸ்ப்ரிங்கர் மலைக்கு பஸ் ஏறிவிட்டான்.

இந்தப் பாதையின் பூர்வீகமே இந்த மாதிரிதான். பென்டன் மெக்கே என்று ஒருவர், காட்டிலாகா ஆசாமி. 1921 ஏப்ரலில் அவர் மனைவி நியூயார்க்கில் ஆற்றில் விழுந்து உயிரை விட்டார். துக்கத்தில் கிடந்த மனிதரை ஒரு நண்பர் தன் பக்கம் அழைத்துக்கொண்டார். அந்தக் கோடையில் அவர் எழுதின கட்டுரை, கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் பத்திரிகையில் அக்டோபரில் வந்தது. ஃபாக்டரியிலும் ஆபீஸிலும் மாட்டிக்கொண்டவர்கள் வருஷத்தில் இரண்டு வாரமாவது வந்து மூச்சு விட மலை நெடுக ஒரு பாதை வேண்டும் என்று யோசனை. 1937-ல் பாதை முழுசாக இணைந்துவிட்டது. ஆனால் ஐடியா கொடுத்த மெக்கே அதை முழுசாக நடக்கவே இல்லை. 96 வயசு வரை வாழ்ந்தார், போதாதா?

ஒரே மூச்சில் முதலில் நடந்து முடித்ததாகப் பதிவானவர் எர்ல் ஷாஃபர். 1948-ல், 124 நாளில். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பக்கம் இருந்து திரும்பியவர். சேர்ந்து நடக்கலாம் என்று சின்ன வயசில் திட்டம் போட்ட சிநேகிதன் ஐவோ ஜிமாவில் செத்துப்போனான். யுத்தத்தை உடம்பிலிருந்து நடந்து வெளியேற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். முடித்துவிட்டேன் என்று வந்தபோது சங்கத்துக்காரர்கள் முதலில் நம்பவில்லை. மனுஷர் 1998-ல், எண்பதைத் தொடப்போகிற சமயத்தில், மறுபடி ஒரு தடவை முழுசாக நடந்தார்.

எனக்குப் பிடித்தவர் எம்மா கேட்வுட் பாட்டி. 1955-ல் 67 வயசு. பதினொரு பிள்ளை பெற்றவர். கணவனிடம் வருஷக்கணக்கில் அடிபட்டு, விவாகரத்து ஆனவர். பிள்ளைகளிடம் 'சும்மா ஒரு நடை போய்விட்டு வருகிறேன்' என்கிற ரீதியில் சொல்லிவிட்டுக் கிளம்பி, தனியாக முழுப் பாதையும் நடந்துவிட்டார். கூடாரம் இல்லை, ஸ்லீப்பிங் பேக் இல்லை. காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் கையால் தைத்த ஒரு பை, மழைக்கு பாத்ரூம் திரைச்சீலை. பாட்டியின் மூட்டையை எடை போட்டால், நம்மாளின் பதிமூன்று கிலோவைப் பார்த்துச் சிரிப்பார்.

இதையெல்லாம் நான் நம்மாளிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான். ஒன்பது மணி வாக்கில் முதல் தடவையாக ரோட்டைக் கடந்தோம்.

இந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷெனாண்டோவாவில் மலையுச்சி நெடுக ஸ்கைலைன் டிரைவ் என்கிற கார்ப் பாதை ஓடுகிறது. 1930-களில் போட்டது. கார் வந்தால் காடு எதற்கு என்று மெக்கே கொதித்தார். மைரன் ஏவரி என்கிற வக்கீல், பாதையை ஊர் ஊராக ஆள் சேர்த்து உண்மையில் போட்டு முடித்தவர், ரோட்டோடு சமாதானமாகிப் பாதையை நகர்த்திக்கொள்வோம் என்றார். சண்டை முற்றி, இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஏவரி கட்சி ஜெயித்தது. அதன் பலன், 160 கிலோமீட்டரில் நடைபாதை அந்தக் கார் ரோட்டை 28 இடத்தில் கடக்கிறது.

நடக்கிறவனுக்கு இதன் அர்த்தம் என்ன? நடுக்காட்டில் நொந்துபோனால் போக்கிடம் கிடையாது, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. இருபத்தெட்டு இடத்தில் ஹீட்டர் போட்ட கார்கள், கண்ணாடிக்குள் உலர்ந்த சட்டை போட்ட மனிதர்கள், 'ஏறிக்கொள்கிறாயா' என்கிற மாதிரி மெதுவாகப் போகிறார்கள். தவிர, அதற்குள் எல்லோருக்கும் வர்ஜீனியா அலுத்திருக்கும். பாதியாவது வந்தோமா என்றால் அதுவும் இல்லை. பாதையின் நாலில் ஒரு பங்கு இந்த ஒரே மாநிலத்தில்தான். வாரக்கணக்கில் நடந்தாலும் அதே மாநிலம், அதே பச்சைக் குகை, அதே மழை. இதற்கு ஒரு வியாதிப் பெயரே வைத்திருக்கிறார்கள். காட்சிமுனை என்று போர்டு வைத்த இடத்தில் எட்டிப் பார்த்தோம். வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி மேகம். வேறொன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ரோடு கடக்கிற இடத்தில் நம்மாள் பையை இறக்கி வைத்தான். ஷூவைக் கழற்றி சாக்ஸைப் பிழிந்தான். பாதம் ஊறிப்போய், அப்பளம் போடுகிற மாவு மாதிரி வெள்ளையாகச் சுருங்கியிருந்தது.

"ஸார், சாயங்காலம் உங்க கார்ல இடம் இருக்குமா?"

"எதுக்கு?"

"வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன்."

பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போனை எடுத்துக் காட்டினான். பழைய மேனேஜரிடமிருந்து மெஸேஜ், முந்தின ஊரில் சிக்னல் கிடைத்தபோது வந்தது. ஆள் கிடைக்கவில்லையாம். திங்கள்கிழமைக்குள் சரி என்று சொன்னால் அதே வேலை, அதே சம்பளம். கடைசி வரி விளையாட்டாக எழுதியிருந்தார். உன் நாற்காலி அப்படியே இருக்கிறது.

அன்றைக்குச் சனிக்கிழமை.

இங்கே ஒரு பழைய புத்திமதி உண்டு. மோசமான நாளில் விலகாதே. விலகித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு நல்ல நாள்வரை பொறு, அப்போதும் தோன்றினால் போ என்பார்கள். அவனுக்குத் தெரியாததா? எனக்கு ஏழு பேரும் ராத்திரியே சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆசாமி. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் நடந்து வந்தவனிடம், இன்னும் இரண்டாயிரம் நட என்று குடையோடு நின்றுகொண்டு சொல்வதற்கு ஒரு யோக்கியதை வேண்டும். தவிர எனக்கே தெரியவில்லை. 29 வயசில் மாசச் சம்பளம் ஒன்றும் கேவலமான பொருள் இல்லை. கையில் மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் டாலர். முடித்துவிட்டுப் போய் வேலை தேடினால் யார் கொடுப்பார்கள்? 'ஐந்து மாசம் என்ன செய்தாய்?' 'நடந்தேன் ஸார்.'

"இடம் இருக்கு" என்றேன்.

அதற்கப்புறம் பிக் மெடோஸ்வரை அதிகம் பேசவில்லை. நான் அடிக்கடி உட்கார்ந்தேன். அவன் பொறுமையாகக் காத்திருந்தான். ஒரு திருப்பத்தில் பாதையிலிருந்து இருபதடி தள்ளி, ஈரக் கரடி ஒன்று மரக்கட்டையைப் புரட்டி எதையோ தின்றுகொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது. இதுகளுக்கு வேறு வேலை இல்லை என்பது போல் மறுபடி கட்டையைப் புரட்டியது. நான் மூச்சு விட மறந்து நின்றேன். நம்மாள் சர்வ சாதாரணமாக, "பதினோராவது" என்றான்.

பிக் மெடோஸில் ரோட்டோரக் கடையில் ப்ளாக்பெர்ரி ஐஸ்கிரீம் பிரசித்தம். மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்து, மழையில், குளிரில், அவன் அதில் மூன்று சாப்பிட்டான். கூடவே பர்கர் இரண்டு. பக்கத்து மேஜைக் குடும்பம் நைசாக எழுந்து வேறு மேஜைக்குப் போனது. மழையைத் தாண்டியும் வாசனை இருந்தது.

அக்கா பையன் சரியாக நாலு மணிக்கு வந்தான். நம்மாளைப் பார்த்தான். புதுக் காரின் ஸீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, இவரும் வராரா?"

"வரார்."

"எல்லா ஜன்னலையும் இறக்கிடறேன்."

கார் கிளம்புமுன் நம்மாள், "ஒரு நிமிஷம்" என்று இறங்கி ஓடினான். பாதை பிரிகிற இடத்தில் ஒரு கான்க்ரீட் கம்பம், அதன்மேல் தகரப் பட்டை சுற்றி வழி எழுதியிருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினான். ஞாபகத்துக்கு என்று நினைத்தேன்.

வீட்டில் அவன் இரண்டு தடவை குளித்தான். இட்லி பதினாறு. எண்ணினது நான் இல்லை, அக்கா பையனின் மனைவி. சாம்பாரை டம்ளரில் குடித்தான். ஏழரை மணிக்குப் படுத்தவன் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் எழுந்தான். படுக்கையில் இல்லை, பக்கத்துத் தரையில்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த துணியை மடித்துக்கொண்டே வெகு நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு ஜட்டியும் காய்ந்திருந்தன. பிறகு அக்கா பையனின் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, இரண்டு விரலால் என்னவோ டைப் அடித்தான்.

"திங்கள்கிழமை வரலைன்னு எழுதிட்டேன் ஸார்."

"சபாஷ்" என்று ஆரம்பித்தேன்.

"அக்டோபர்ல காலி இருந்தா சொல்லுங்கன்னும் எழுதியிருக்கேன்."

மறுபடி இரண்டு மணி நேரம் கார். பெட்ரோல் செலவு, அக்கா பையனின் முகபாவம் இரண்டையும் நான் இங்கே எழுதவில்லை. பிக் மெடோஸ் கடை வாசலில் நிறுத்தினோம். "இன்னும் கொஞ்சம் முன்னாடி, பாலம் தாண்டி இறக்கி விடறேனே, ஒரு மைல் மிச்சமாகும்" என்றான் அக்கா பையன் நல்லெண்ணத்தில். நம்மாள் அவனை, கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். போனைத் திறந்து நேற்று எடுத்த படத்தைப் பார்த்து, அதே கான்க்ரீட் கம்பத்தைத் தேடிப் போய், முன்பு எந்தப் பக்கம் நின்றானோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, கம்பத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தான். முப்பது எட்டில் பச்சை மூடிக்கொண்டது.

"இவ்ளோதானா மாமா?" என்றான் அக்கா பையன்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு போட்டோ வந்தது. பென்சில்வேனியாவில், பாதி தூரத்தை ஒட்டி, பைன் க்ரோவ் ஃபர்னஸ் என்று ஒரு பூங்கா. அங்கே உள்ள கடையில் ஒரு சம்பிரதாயம். பாதி வழி வந்ததற்காக அரை காலன் ஐஸ்கிரீமை ஒரே உட்காரலில் தின்ன வேண்டும், அதாவது 1.9 லிட்டர். இப்போதெல்லாம் டப்பாவின் அளவைக் கம்பெனிகள் குறைத்துவிட்டதால், பெரிய டப்பா ஒன்றும் கூடவே சின்ன டப்பா ஒன்றும் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டுகிறார்கள். ஆசாரம் ஆசாரம்தான். முடித்தால் ஒரு மரக்கரண்டி பரிசு. மெய்னில்கூடக் கொடுக்காத பரிசு.

படத்தில் நம்மாள் தாடியெல்லாம் சாக்லேட்டாகப் பெஞ்சில் சாய்ந்து கிடக்கிறான். பெரிய டப்பா காலி. சின்ன டப்பாவில் கால்வாசி மிச்சம். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: கரண்டி கிடைக்கவில்லை, நாளை காலை பதினேழு மைல்.